நூற்றுக்கு மேல் போகாத எண்

பாய்,

உன் பட்டன் ஒன்று என் மேஜை மேல் கிடக்கிறது. எதோடும் சேராத பட்டன்; பின்னால் இரண்டு ஒயர் அறுந்து தொங்குகிறது. காலையிலிருந்து அதை அமுக்கிக்கொண்டே இருக்கிறேன். மோட்டார் ஸ்டார்ட்டர் கேட்டு வந்தவரிடம் கெப்பாசிட்டரை எடுத்து நீட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, காப்பி சாப்பிட்டீங்களா?" என்றார். காளவாசலில் இத்தனை வருஷம் எலக்ட்ரிக் கடை நடத்துகிறவன் கேட்டு வாங்குகிற பேச்சா இது? மூன்று நாளாக இப்படித்தான் இருக்கிறேன். உன்னோடு சண்டை போட வேண்டும். நீ இல்லை. அதனால் எழுதுகிறேன்.

கோச்சடை நர்சிங் ஹோம் வேலையை நான் பிடித்துக்கொண்டு வந்தபோது, நாலு நாளில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு பட்டன். நோயாளி அமுக்கினால் நர்ஸ் மேஜையில் மணி அடிக்க வேண்டும், திரையில் படுக்கை நம்பர் தெரிய வேண்டும், நேரம் பதிவாக வேண்டும். அதற்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு லினக்ஸ் போர்டு. என் கடையில் புரோகிராம் எழுதுகிற நீ அதைக் கடை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாய். இரண்டு வாரம் கழித்தும் கீழே இறங்கவில்லை.

"ஒரு பட்டனுக்கு எம்புட்டு நாள்யா?" என்று படியில் நின்று கத்தினேன்.

"அண்ணே, ஒரு தடவ அமுக்குனா ஒரு தடவன்னு நீங்க நெனைக்கிறீங்க. உள்ள தகடு பத்துப் பதினஞ்சு தடவ துள்ளுது. இது அம்புட்டையும் எண்ணிரும்."

"எண்ணாதன்னு சொல்லு."

"அதைத்தான் எழுதிக்கிட்டு இருக்கேன்."

சாதாரண புரோகிராமாக எழுதினால் என்ன என்று கேட்டேன். நானும் நாலு பேரிடம் விசாரித்து வைத்திருந்தேன் அல்லவா. "மேல ஓடுற புரோகிராம் வேற வேலையில இருக்கும், சமயத்துல தொங்கும். கெர்னலுக்குள்ள, அதான் போர்டோட அடிமூளையில, டிரைவரா உக்கார வச்சா, பின்னுல கரண்ட் மாறுன அந்தக் கணமே எந்திரிச்சு நிக்கும். படுத்துக் கெடக்குறவன் அமுக்குற பட்டன்ணே இது, காலிங் பெல் இல்ல" என்றாய். பத்தாவதோடு படிப்பை விட்டவனுக்கு அது போதுமாக இருந்தது.

மூன்றாவது வாரம் இன்னொரு கூத்து. பட்டனை அமுக்கினால் மணி அடிக்கவில்லை, போர்டே உறைந்துபோனது. திரை, கீபோர்டு, எதுவும் அசையவில்லை. "ஒருத்தன் கதவத் தட்டுனா வீட்டுல இருக்குற அம்புட்டுப் பேரும் மயங்கி விழுந்த மாதிரில்ல இருக்கு" என்றேன். சிரித்தாய். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போய்விட்டு வந்தவன், தொப்பியைக்கூடக் கழற்றாமல் படியிலிருந்தே சொன்னாய்: "எந்திரிச்சுக் கேக்க வேண்டிய எடத்துல கொஞ்சம் தூங்குன்னு எழுதிட்டேண்ணே. எம் புத்திய என்ன சொல்ல." துள்ளல் அடங்கக் காத்திருக்கிற வேலையை வேறு இடத்துக்கு மாற்றினாய். அதற்குப் பிறகு அது ஒருநாளும் உறையவில்லை.

காத்திருக்கும் அளவை மட்டும் வெளியே ஒரு ஃபைலில் வைத்தாய். ஐம்பது மில்லிசெகண்ட்; ஒரு செகண்டில் இருபதில் ஒரு பங்கு. "நீங்க மலிவா எங்கயாச்சும் வேற பட்டன் வாங்கிட்டு வந்துருவீங்க, துள்ளல் கூடும். அப்ப அறுவது, எழுவதுன்னு ஏத்திக்கங்க" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். ஒரு வியாபாரியிடம் போய் அந்த நம்பரை எங்கே மாற்றலாம் என்று காட்டிக் கொடுத்தாயே, அதுதான் நீ செய்த தப்பு.

மாட்டிக் கொடுத்த முதல் வாரமே டாக்டர் கூப்பிட்டார். "ஒவ்வொரு பேஷன்ட்டும் அஞ்சு தடவ, ஆறு தடவ அமுக்குறாங்க. மணி அடிச்சுக்கிட்டே கெடக்கு. நர்சுங்க வேலைய விட்டுப் போயிருவேங்குறாங்க. ஒரு தடவ அமுக்குனா ரெண்டு நிமிஷத்துக்கு மறுபடி அடிக்கக் கூடாது. முடியுமா?"

"சரிங்க டாக்டர்" என்றேன். வாடிக்கையாளரிடம் அதைத் தவிர வேறு வார்த்தை எனக்குத் தெரியாது.

நீ தெரிந்து வைத்திருந்தாய். "முடியாதுண்ணே."

"ரெண்டே நிமிஷம்யா."

"மொதத் தடவ தண்ணிக்கு அமுக்குவாரு. நர்சம்மா குடுத்துட்டுப் போயிரும். ஒரு நிமிஷத்துல மூச்சு முட்டி மறுபடி அமுக்குனா? அமுக்குனவன் அமுக்குனதுதாண்ணே. அத இல்லைன்னு சொல்ல நாம யாரு?"

சரி விடு என்று தலையாட்டினேன். அன்று மத்தியானமே தனியாகக் கோச்சடைக்குப் போனேன். ஃபைலைத் திறந்து ஐம்பதை அழித்துவிட்டு ஒரு லட்சத்து இருபதாயிரம் என்று அடித்தேன். இரண்டு நிமிஷம். போர்டை அணைத்துப் போட்டு, அமுக்கிப் பார்த்தேன். முதல் தடவை மணி அடித்தது. இரண்டாவது தடவை அடிக்கவில்லை. டாக்டர் கை கொடுத்தார்.

மூன்றாம் நாள் நீ, "பட்டனுக்குள்ள சின்ன வெளக்கு ஒண்ணு வைக்கணும், கோச்சடைக்குப் போயிட்டு வாரேன்" என்றாய். எதற்கு என்றேன். "அழகா இருக்கும்ணே" என்றாய். அழகுக்கெல்லாம் எவன் காசு கொடுப்பான் என்று சத்தம் போட்டேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

அடுத்த மாதம் டீக்கடையில் வைத்து மார்தட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? "பாத்தியா பாய், ஒனக்குத் தெரியாம நாந்தான் மாத்துனேன். இப்ப ஒரு கம்ப்ளெய்ன்ட் உண்டா? வியாபாரத்துல எறங்கிட்டா ஆளோட நாடி தெரியணும்யா." நீ கிளாஸை ஆற்றிக்கொண்டே, "ஒங்க கைராசிண்ணே" என்றாய். முகத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை.

அந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! ஆனால் கோச்சடைப் பக்கம் போகும்போதெல்லாம் உன் கேள்வி ஞாபகத்துக்கு வரும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வண்டியைத் திருப்புவேன். மூன்று வருஷம் அப்படியே ஓடிவிட்டது. போன வருஷம் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். ஆஸ்பத்திரி, பட்டன் எதற்கும் நேரம் கொடுக்காமல் வீட்டிலேயே போய்விட்டாய். அடக்கம் செய்ய மையவாடி வரைக்கும் நானும் தோள் கொடுத்தேன். எனக்கும் உனக்கும் தீர்க்க வேண்டியது ஒன்றும் பாக்கியில்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

இப்போது டாக்டர் பக்கத்திலேயே நாற்பது படுக்கைக்குப் புதுக் கட்டிடம் கட்டியிருக்கிறார். "அதே மாதிரி, அந்த ரெண்டு நிமிஷத்தோட" என்றார். வழக்கம்போலத் தலையாட்டினேன். நாற்பதுக்கும் பட்டனும் ஒயரும் வாங்கி இறக்கிவிட்டேன். பழைய போர்டு இப்போது வருவதில்லை. புதுப் போர்டின் கெர்னலில் உன் டிரைவர் ஏறவில்லை. விளாங்குடியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற ஒரு பெண்ணிடம் கொடுத்தேன். கெட்டிக்காரி. போன வாரம் கூப்பிட்டு, "சார், நேர்ல வாங்க, ஒண்ணு காட்டணும்" என்றாள்.

"ரெண்டு நிமிஷம்னு சொன்னீங்கல்ல, அது ஃபைல்ல மட்டுந்தான் சார் இருக்கு. டிரைவர் அத எடுத்துக்கவே இல்ல. எவ்வளவு பெரிய நம்பர் குடுத்தாலும் நூறோட நின்னுரும்."

"நான் டெஸ்ட் பண்ணுனேனேம்மா."

"அதுக்கப்புறம் மூணு நாள் கழிச்சு மாத்தியிருக்காரு. தேதி இருக்கு. வெளக்கு போட்டதும் அதே நாள்தான்." பிறகு தயங்கினாள். "மேல தமிழ்ல ஒரு குறிப்பு எழுதியிருக்காரு. படிக்கவா?"

இங்கிலீஷ் எழுத்தில் நீ அடித்து வைத்திருந்ததை அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்: "அண்ணன் இத ரெண்டு நிமிஷமா ஏத்திட்டாரு. ஃபைல்ல அப்படியே இருக்கட்டும். உள்ள நூறுக்கு மேல போகாது. டாக்டர் கேட்டா அண்ணனால இல்லைன்னு சொல்ல முடியாது, பாவம்."

"அப்ப மணி எப்படிம்மா கொறஞ்சுச்சு?"

"வெளக்குதான் சார். அமுக்குனது கேட்டுச்சா இல்லையான்னு தெரியாமத்தான் திரும்பத் திரும்ப அமுக்கியிருப்பாங்க. வெளக்கு எரிஞ்சதும் வருவாங்கன்னு படுத்துருவாங்க."

பாய், நாற்பது வருஷம் நான் அடுத்தவனிடம் செய்ததை நீ என்னிடம் செய்திருக்கிறாய். கேட்ட சரக்கைக் கொடுக்காமல் நல்ல சரக்கைக் கொடுத்து, வாங்கினவனைச் சிரித்த முகத்தோடு அனுப்பி வைத்தாய். சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன், பிறகு கேட்டிருப்பேன். கேட்டிருப்பேனா? அதுதான் என்னை உட்கார விடவில்லை. நான் மாற்றியதற்கும் நீ நிறுத்தியதற்கும் நடுவில் இருந்த மூன்று நாளும் விடவில்லை. அந்த மூன்று நாள் மட்டும் இரண்டு நிமிஷம் நிஜமாகவே இருந்திருக்கிறது. அப்போது யார் படுத்திருந்தார்கள், யார் இரண்டாவது தடவை அமுக்கினார்கள், யாருக்குத் தெரியும்?

"புதுசுல நூறோட நிறுத்துற இந்த வரிய எடுக்கவா சார், வைக்கவா?" என்றாள் அந்தப் பெண்.

"இருக்கட்டும்மா" என்றேன். அப்படிச் சொல்வது சுலபமாக இருந்தது. திங்கட்கிழமை டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்ததுதான் பாடு.

"டாக்டர், அந்த ரெண்டு நிமிஷம் தர முடியாது."

"போன தடவ குடுத்தீங்களே?"

"மூணு நாள்தான் இருந்துச்சு. எங்க பாய் எடுத்துட்டாரு. எனக்கே இப்பத்தான் தெரியும்." நீ அன்றைக்குச் சொன்ன தண்ணீர், மூச்சு எல்லாவற்றையும் சொன்னேன். வியாபாரத்தில் என் வாயிலிருந்து வந்த முதல் 'முடியாது' அது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். மூன்று நாள் ஆயிற்று. நாற்பது படுக்கைச் சாமானும் மாடியில் அட்டைப் பெட்டியில் கிடக்கிறது. போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். இன்னும் அவர் கூப்பிடவில்லை. கூப்பிடாவிட்டாலும் போய் மாற்றிச் சொல்லப்போவதில்லை.

ஆனால் நீ வேறொன்றை என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாய். என் சாமர்த்தியத்தால் நடந்தது என்று நான் எண்ணி வைத்திருந்த ஒவ்வொன்றும் இப்போது சந்தேகமாக இருக்கிறது. கடை இடத்துக்காரர் என் பேச்சில் மயங்கித்தான் இடத்தை எனக்கே விட்டாரா? பங்காளி வழக்கை வாபஸ் வாங்கியது என் மிரட்டலுக்கா? அங்கெல்லாம் எனக்குத் தெரியாமல் யார் நூறோடு நிறுத்தி வைத்தார்கள்?

இன்று காலை தோசை ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவியிடம் போய்க் கேட்டேன்: "நீயும் இந்த மாதிரி எனக்குத் தெரியாம எதையாச்சும் மாத்தி வச்சிருக்கியா?"

அவள் திரும்பவில்லை. "அம்புட்டு இருக்கு. எதன்னு சொல்ல?" என்றாள்.

நின்று கேட்கிற தைரியம் வரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன். சாயங்காலம் போய்க் கேட்க வேண்டும், பாய்.