கோம்பை நாயும் கடலை மிட்டாயும்

தோழி,

ஓடைப்பட்டித் தோட்டத்திலிருந்து அண்ணன் கொடுத்தனுப்பிய பன்னீர் திராட்சையைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு பழம் கையில் நசுங்கியதும் அந்தத் தோலின் வாசனையோடு நீ வந்துவிட்டாய். நீ பாடம் நடத்திய மதுரைக் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு இந்தத் தோலைத்தானே பை நிறையக் கொண்டுபோவாய்! பழத்தை எங்களுக்குத் தந்துவிட்டுத் தோலை எடுத்துப் போகிறவளைப் பார்த்து ஊரே சிரித்தது.

அந்த நாளில்தான், நிலக்கடலைச் சட்னி ஒரு வாய் பட்டதற்கே, சின்னப் பிள்ளையாக இருந்த என் மகளுக்கு உதடு வீங்கி மூச்சு இழுத்தது. தேனி ஆஸ்பத்திரியில் பிழைத்தாள். "பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி கம்மியா?" என்று உன்னிடம் அழுதேன்.

"கம்மி இல்ல புள்ள. கோம்பைக் காவல் நாய் கணக்கா, வந்த விருந்தாளியத் திருடன்னு நெனச்சுக் கடிக்குது. நாயக் கொல்லக் கூடாது, பழக்கணும்" என்றாய். பழக்குகிற பொருள் திராட்சைத் தோலில் இருக்கலாம், எலிகளிடம் கொஞ்சம் பலன் தெரிகிறது என்றும் சொன்னாய். பக்கத்தில் இருந்த அண்ணனுக்கு அது போதாதா!

காதுகுத்து அன்று அண்ணன் மடியில் பிள்ளை வீரிட்டு அழுதாள். அழுகையை அமர்த்த மாமன்தான் வாயில் இனிப்பு வைக்க வேண்டும். அண்ணன் எடுத்தது கடலை மிட்டாய். நீ பாய்ந்து வந்து தட்டிவிட்டாய்.

"ஏந் தங்கச்சி, ஒரு மாசமாத் தோலக் காச்சிக் குடுத்திருக்கேன்ல? எலிக்குக் கேட்டுச்சுன்னு நீதான சொன்ன?"

"எலிக்குண்ணே! அதுக்கே இன்னும் முழுசாக் கேக்கல. உங்க மருமக என்ன எலியா?"

கூட்டம் சிரித்தது. நீ மட்டும் பிள்ளையின் உதட்டைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். நீ இல்லாவிட்டால் அன்றே என் மகளை இழந்திருப்பேன்.

ஆய்வு முடியுமுன் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை. ஆனால் உன் மாணவிகள் ஆய்வை விடவில்லை. இப்போது மஞ்சளையும் சேர்த்துப் பார்க்கிறார்களாம்.

போன வாரம் அனுமந்தன்பட்டிக் கல்யாணத்தில் ஒரு பெரியம்மா பர்பி நீட்டினார். உயரத்தில் இப்போது என்னைத் தாண்டிவிட்ட மகள் "இதுல கடலை சேத்திருக்காகளா?" என்று கூச்சப்படாமல் கேட்டாள்.

"அடி ஆத்தா, இதுக்கு மருந்தே இல்லையா?"

"இன்னும் வரல பெரியம்மா" என்று சிரித்தாள்.

மருந்து இல்லை என்று அவளிடம் நீ ஒருநாளும் சொன்னதில்லை. அவள் சொன்ன 'இன்னும்' உன்னுடையது. நானும் அதை வைத்துக்கொண்டுதான் அவளைத் தைரியமாக வெளியே அனுப்புகிறேன்.