வாசல் கல்லில் இருந்த கடவுச்சொல்

பொம்மிடி,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மகள் ஸ்டெஃபிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் அருளால் நானும் அப்பாவும் சுகம், சண்டிகர் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று செபமாலையில் தினமும் கேட்கிறேன். முதலில் நல்ல செய்தி, என் வேலை போகவில்லை. போனில் நீ டியூட்டி அவசரத்தில் இருந்தாய், அதனால் புளி அனுப்பும் பார்சலிலேயே முழுக்க எழுதி வைக்கிறேன்.

போன திங்களன்று பெங்களூரிலிருந்து எங்கள் மேற்பார்வையாளர் கோகிலவாணி அழைத்து, ஆபீஸ்ல செக் பண்ணதுல உங்க வைஃபைல பதினோரு கருவி ஓடுதுங்கக்கா, ஆஸ்பத்திரி விவரம் டைப் பண்ற லேப்டாப் அதுல இருக்கக் கூடாது, வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணலைன்னா வேலைய நிறுத்திடுவாங்க என்றாள். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நம்முடையது இரண்டு போன், டிவி, லேப்டாப், மீதி ஏழு யாருடையவை? கட்டினவனுக்கும் சொல்லாமல் ஒரு பெண் டாக்டரிடம் சொன்னதை எல்லாம் நான் தட்டச்சு செய்கிறேன், அதைத் தெருவில் வைத்திருந்தேனா என்று உறுத்தியது. வேலை போய்விடுமே என்பதும் உறுத்தியது, பொய் சொல்வானேன். இத்தனை வருடம் கழித்து என் படிப்புக்குக் கிடைத்த முதல் வேலை இது.

பக்கத்து வீட்டு பாஞ்சாலி நம் காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு போனில் சீரியல் பார்ப்பது நினைவு வந்து, போய்க் கேட்டேன். அவள் அசரவில்லை. நானா திருடுனேன், உங்க வூட்டு வாசல்லயே கல்லுல வெட்டி வெச்சிருக்கீங்க, உங்க வூட்டுக்காரரே படிச்சுக்கச் சொன்னாரு என்றாள். விஷயம் இதுதான். இணைப்பு கொடுக்க வந்தவர் மறக்காத பேராச் சொல்லுங்க என்றதும் உன் அப்பா, பங்குத்தந்தை வந்து வீடு மந்திரித்த அன்று பதித்த கல்லைப் பெருமையாகக் காட்டி, அதிலுள்ள வீட்டுப் பெயரையும் வருடத்தையும் அப்படியே கடவுச்சொல்லாகக் கொடுத்திருக்கிறார், பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் கல்லைக் கை காட்டியும் இருக்கிறார்.

நீ சொன்னபடி புதன்கிழமை லேப்டாப்பை வயரில் மோடத்தோடு சேர்த்து அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். அதற்குள் நுழையும் கடவுச்சொல் மோடத்துக்கு அடியில் ஒட்டிய சீட்டில் இருந்ததேதான், அதை முதலில் மாற்றினேன். பிறகு வைஃபையின் பெயர், நம் வீட்டோடு சம்பந்தமில்லாத நீளமான கடவுச்சொல், நீ சொன்ன புது வகைப் பாதுகாப்பு. சேமித்ததும் பட்டியலில் லேப்டாப் மட்டும் நின்றது. டிவியும் நின்றுபோக, கல்லையும் பேத்துடட்டுமா என்று அப்பா முகத்தைத் தூக்கிக்கொண்டார். அவர் போனிலும் டிவியிலும் நானே அடித்துக் கொடுத்தேன், சொல்லைச் சொல்லவில்லை. வெள்ளியன்று கோகிலவாணி பார்த்துவிட்டு, இப்ப சரிங்கக்கா, வேலையத் தொடருங்க என்றாள். போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன், அன்று ஒரு பிழைகூட வரவில்லை. பாஞ்சாலி இரண்டு நாள் பேசவில்லை, நேற்று மொச்சைக்காய் கொண்டுவந்து, இதுக்கும் பாஸ்வேர்டு கேப்பீங்களா என்றாள்.

நீயும் விடுதியில் எல்லாரும் பயன்படுத்தும் இணைப்பில் பாங்க் வேலை பார்க்காதே, காலுக்குச் சாக்ஸ் போட்டுக்கொண்டு தூங்கு. மாதா உன்னைக் காக்கட்டும்.

ஒன்று மட்டும். இணைப்பைப் பயன்படுத்தும் குடும்பத்தினர் எத்தனை பேர் என்று அலுவலகப் படிவத்தில் கேட்டிருந்தார்கள். உன்னையும் சேர்த்து மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கடவுச்சொல்லை இதில் எழுத மாட்டேன், கிறிஸ்துமஸுக்கு வா, காதில் சொல்கிறேன்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
வேளாங்கண்ணி