குண்டு வேகம் பார்க்க ஒரு கருவி

திருச்செங்கோடு,
புதன்கிழமை இரவு.

அன்புள்ள மாமா,

பாப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது, நன்றாகச் சாப்பிடுகிறாள், அப்பா எங்கே என்றால் உங்கள் போட்டோவைக் காட்டுகிறாள். அத்தைக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நான் எப்படி இருக்கிறேன் என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் மேல் கொள்ளைக் கோபத்தில் இருக்கிறேன்.

விடிந்ததும் இளஞ்செழியன் அண்ணன் லாரியில் துளை பிட்டும் ஃபில்டரும் ஏற்றிக்கொண்டு உங்கள் போர்வெல் ரிக் நிற்கிற இடத்துக்குக் கிளம்புகிறார். வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் ஜக்தல்பூர் வந்துவிடுவாராம். அவர் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் உங்களிடம் பேசி முடியவில்லை. நான் துப்பாக்கி என்று ஆரம்பித்தால் நீங்கள் ரேடார் என்கிறீர்கள். ரேடார் வேண்டாம் என்றால் உடனே டவர் போய்விடுகிறது. காகிதத்தில் டவர் போகாது. உட்கார்ந்து கடைசி வரை படியுங்கள்.

மழைக்கு ரிக்கை நிறுத்திவிட்டு வந்திருந்தீர்களே, நீங்கள் திரும்பிப் போன வாரத்திலிருந்துதான் காற்றுத் துப்பாக்கியில் என் ஸ்கோர் விழ ஆரம்பித்தது. நடு வளையத்தில் விழுந்துகொண்டிருந்த குண்டு இரண்டு வளையம் கீழே போய் விழுகிறது. எல்லாக் குண்டும் இல்லை, சிலதுதான். எது போகும், எது போகாது என்று தெரியாமல் பயந்து பயந்து சுடுவது எவ்வளவு எரிச்சல் தெரியுமா? ஆளாளுக்கு ஒரு காரணம் வேறு. கோச் குருமூர்த்தி சார், பால் குடுக்கற பொண்ணும்மா நீ, தூக்கம் பத்தல, மூச்சு நிக்க மாட்டேங்குது, மாவட்ட அணித் தேர்வை அடுத்த வருசம் பாத்துக்கலாம் என்றார். அத்தை, புள்ளை பெத்த ஒடம்புக்கு எதுக்கு சாமி துப்பாக்கி, அதைத் தூக்கிப் பரண்ல போடு என்றார்கள்.

நான் பிசிக்ஸ் படித்தவள் மாமா. கை நடுங்கினால் குண்டு நாலு பக்கமும் சிதற வேண்டும். மூச்சு தப்பினால் மேலேயும் போகும், கீழேயும் போகும். எனக்கு இடது வலது இம்மி பிசகவில்லை, கீழே மட்டும்தான் போகிறது. அப்படியென்றால் குண்டு சில நேரம் மெதுவாகப் போகிறது என்று அர்த்தம். அதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதற்குத்தான் குண்டின் வேகத்தை அளக்கிற குரோனோகிராஃப் ஒன்று ஆர்டர் போடுங்கள் என்று உங்களிடம் கேட்டேன். கேட்டது அவ்வளவுதான்.

அங்கே பிடித்தது சனி. நீங்கள் ஒரு டயர் வாங்கவே நாமக்கல்லில் நாலு கடை ஏறி இறங்குகிறவர், அது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் ஒரு கருவிக்கு இத்தனை வீடியோவா? அமெரிக்காக்காரன் மான் சுடுகிற துப்பாக்கிக்கு ரேடார் வைத்து வேகம் பார்க்கிற வீடியோவை எல்லாம் எனக்கு அனுப்பி, பாரு சௌமி, இது நூறு மீட்டர் வரைக்கும் குண்டைத் தொரத்திக்கிட்டே போகுது என்கிறீர்கள். நம் ரேஞ்சு பத்து மீட்டர். அதற்கு அப்புறம் சுவர். சுவருக்குப் பின்னால் டீக்கடை.

பொறுக்க முடியாமல், ரேஞ்சில் கூடச் சுடுகிற காளிதாஸ் அண்ணனிடம் இருந்த கருவியை இரவல் வாங்கி அங்கே கொண்டு போனேன். ஸ்டாண்டில் நிறுத்தி, அதன் இரண்டு சென்சார் கண்ணுக்கு மேலே குண்டைப் பறக்க விடுகிற வகை. முதல் குண்டுக்கு ஜெட் விமானத்தை முந்துகிற வேகம் காட்டியது. இரண்டாவது குண்டுக்கு ஒன்றுமே காட்டவில்லை. மூன்றாவதற்கு மாட்டுவண்டி வேகம். குருமூர்த்தி சார், மிசினுக்கும் தூக்கம் பத்தலையாம்மா என்று கேட்டார். பொடிசுகள் எல்லாம் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து தேடிப் படித்த பிறகுதான் புரிந்தது. அது வெயில் வெளிச்சத்தில் குண்டின் நிழலைப் பார்த்துக் கணக்குப் போடுகிற கருவி. நம் ரேஞ்சு ஷெட்டில் எரிவதெல்லாம் பழைய டியூப்லைட். அது நம் கண்ணுக்குத் தெரியாமல் விட்டு விட்டு எரிவதால் கருவி குழம்பிப் போகிறது. இதை உங்களிடம் சொன்னால், அதுக்குத்தான் நான் ரேடாரே வாங்கலாம்னேன், ஆஃபர் வரட்டும் என்றீர்கள். அன்றைக்கு டவர் போகவில்லை மாமா. நான்தான் கட் செய்தேன்.

கருவியை நானே தேர்ந்தெடுத்து வாங்கிவிட்டேன். குழல் நுனியில் மாட்டுகிற சின்ன டப்பா. அதற்குள்ளேயே அதன் விளக்கு இருக்கிறது, வெளியே டியூப்லைட் எரிந்தாலும் அணைந்தாலும் அதற்குக் கவலையில்லை. நூறு மீட்டர் துரத்தாது. எனக்கு வேண்டியது குழலை விட்டு வெளியே வரும்போது குண்டுக்கு என்ன வேகம் என்பது மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சுக்குக் கொண்டு போனேன். முதலில் என் துப்பாக்கியில் மாட்டவில்லை. கருவியே பொய் சொன்னால் என்ன செய்வது? ஓமலூரிலிருந்து வருகிற மோகனப்பிரியாவின் துப்பாக்கியில் மாட்டிப் பார்த்தேன். வினாடிக்கு நூற்று எழுபத்து மூன்று மீட்டர், எழுபத்து இரண்டு, எழுபத்து மூன்று என்று அடுக்கி வைத்த மாதிரி வந்தது. பிறகு என்னுடையதில் மாட்டினேன். நூற்று எழுபது. அடுத்தது நூற்று ஐம்பத்தெட்டு. அதற்கடுத்தது நூற்று நாற்பத்தொன்பது. சாரிடம் துப்பாக்கியை நீட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவரே சுட்டார். நூற்று ஐம்பத்து ஒன்று. குருமூர்த்தி சாருக்கு வீட்டில் கைக்குழந்தை எதுவும் கிடையாது. யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினேன். சார் சொன்ன ரிப்பேர்க்காரர் காற்றுச் சிலிண்டரைக் கழற்றித் திறந்ததும் மூக்கைச் சுளித்தார். என்ன எண்ணெய்ம்மா இது, ரப்பரெல்லாம் ஊறிக் கெடக்குது என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்று நினைக்காதீர்கள். அந்த வாசம் எனக்குத் தெரியும். உங்கள் சட்டையில் சோப்புப் போட்டுப் போட்டு அலசியும் போகாத வாசம் அது.

நீங்கள் கிளம்புகிற அன்றைக்கு, துப்பாக்கியைச் சுத்தம் பண்ணித் தருகிறேன் என்று மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தீர்களே, நினைவிருக்கிறதா? காத்துப் போற எடத்துல எண்ணெய் இல்லாம எப்படி சாமி, நம்ம ஹேமருக்குக் காத்தோட எண்ணெய் போகலீன்னா ரெண்டு நாள்ல செத்துப்போகும் என்று சொல்லி, காற்று அடைக்கிற துளையில் விட்டீர்கள். ஒரு சொட்டு என்றீர்கள். உங்கள் கையில் ஒரு சொட்டு எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா? பூமியைத் துளைக்கிற ஹேமரும் என் துப்பாக்கியும் ஒன்றா மாமா?

ஸ்கோர் போனது போகட்டும். அந்த ரிப்பேர்க்காரர் அதற்கப்புறம் சொன்னதைக் கேளுங்கள். அவ்வளவு அழுத்தமான காற்றோடு எண்ணெய் சேர்ந்தால், பம்பு அடிக்கிற சூட்டிலேயே தானாகத் தீப்பிடிக்குமாம். சிலிண்டர் வெடித்து முகம் போனவர்கள் இருக்கிறார்களாம். சிலிண்டருக்கு நான் கைப்பம்பால் காற்று அடிப்பது எங்கே? நம் ஹாலில். துப்பாக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிக்கொடியில் மாட்டிக்கொண்டு திரிகிறேன், பாப்பா கைக்கு எட்டக்கூடாது என்று. ஆனால் பம்பு அடிக்கும்போது அவள் என் காலைக் கட்டிக்கொண்டுதான் நிற்பாள். பம்பு ஏறி இறங்குவது அவளுக்கு வேடிக்கை. அந்தக் கடையிலேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொடுத்தார்.

இதைப் படித்ததும் மன்னிப்புக் கேட்டுப் போன் பண்ணாதீர்கள். புதுத் துப்பாக்கி பார்க்கிறேன் என்று வீடியோ அனுப்பவே அனுப்பாதீர்கள். சிலிண்டருக்குப் புது ரப்பர் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும், ஞாயிற்றுக்கிழமைத் தேர்வுக்குள் வராது. மோகனப்பிரியா தன் சுற்று முடிந்ததும் அவள் துப்பாக்கியைத் தருகிறேன் என்றிருக்கிறாள். பழகாத துப்பாக்கிதான், இருந்தாலும் போகிறேன். சாரும் என் பெயரை மறுபடி எழுதிக்கொண்டார்.

போக முடியாமல் நிற்பது ஒரே காரணத்தால்தான். பாப்பாவை அன்றைக்குப் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று அத்தை சொல்லிவிட்டார்கள். வேண்டாத வேலைக்கு நான் தொணை போக மாட்டேன், ஒடம்பு ஒத்துக்காததுக்கு எதுக்கு இந்த வீம்பு என்கிறார்கள். எண்ணெய் விஷயத்தை நான் அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால், தன் தப்பை மறைக்க என் பையன் மேல பழி போடறா என்றுதான் ஆகும்.

போன மாதம் ஒரு நாள் நீங்களும் சொன்னீர்கள், விடு சௌமி, ஒடம்பு தேறட்டும் என்று. ஆசையாகத்தான் சொன்னீர்கள். கல்யாணத்துக்கு முன்னாலேயே என் மெடல்களைப் பார்த்தவர் நீங்கள். அந்தத் துப்பாக்கியைத் தேடி வாங்கித் தந்தவரும் நீங்கள். எல்லோரும் என் உடம்பைச் சொன்னபோது, ஒருவேளை துப்பாக்கியில் ஏதாவது இருக்குமோ என்று நீங்கள் ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

சனிக்கிழமை எங்கே டவர் கிடைக்கிறதோ அங்கே வண்டியை எடுத்துக்கொண்டு போய், அத்தைக்குப் போன் பண்ணுங்கள். எனக்கு வேண்டாம், அத்தைக்கு. தப்பு அவ ஒடம்புல இல்லீங்கம்மா, நான் விட்ட எண்ணெயிலங்க என்று சொல்லுங்கள். உங்கள் வாயால், இதே மாதிரி, சுற்றி வளைக்காமல். அவ்வளவு போதும்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கம்ப்ரசர் ஓடும்போது ஹோஸ் பக்கத்தில் நிற்காதீர்கள், நின்றே ஆக வேண்டுமென்றால் முகத்தையாவது திருப்பிக்கொள்ளுங்கள். காற்று என்ன செய்யும் என்று இப்போது எனக்கும் தெரியும், தூக்கம் வரமாட்டேன் என்கிறது. நாமகிரித் தாயார் உங்களை முழுசாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

சனிக்கிழமை போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கும்படி அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். எதற்கென்று சொல்லவில்லை.

உங்கள்
சௌமியா