சோசே முதலில் பிடித்தது சீப்பு

அனுப்புநர்:
அஸ்னிவ் சிலிங்கிரியான்,
கிளெண்டேல், கலிபோர்னியா.

பெறுநர்:
முனைவர் ஹம்பார்சூம் தராக்ஜியான் அவர்கள்,
இயக்குநர்,
ஆர்மேனிய ஆய்வு மற்றும் சமூகத் தொடர்பு மையம்,
வெர்டுகோ பல்கலைக்கழகம்.

பொருள்: என் கொள்ளுப்பேத்தி சோசேயின் பல் விழாப் படத்தை மையத்தின் வாசலிலிருந்து எடுக்கவும், வரும் சனிக்கிழமை தெருவில் கட்டப்படவுள்ள பேனரில் அது வராமல் தடுக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கேட்பவள் யாரென்று தெரிந்தால்தான் கேட்பதற்கு மதிப்பு என்பதால் என் பேரப்பிள்ளைகளிலிருந்து தொடங்குகிறேன். மூத்த பேத்தி ட்சோவிக் பர்பாங்கில் குழந்தை மருத்துவர். முதல் பல் முளைத்த விழாவில், எதிர்காலத் தொழிலைச் சொல்லும் என்று எதிரே பரப்பிய பொருள்களில் அவள் முதலில் பிடித்தது கரண்டி. இன்று மருந்தும் கரண்டியுமாகத்தான் இருக்கிறாள். அவள் தம்பி ராஃபி பிடித்தது சுத்தியல். பாலம் கட்டும் பொறியாளர் ஆகிவிட்டான். கடைக்குட்டிப் பேரன் ஷாஹே எதிரே வைத்த எதையும் தொடாமல், தலையில் தூவிய அவித்த கோதுமையைப் பொறுக்கித் தின்றான். இன்று அவன் ரொட்டிக் கடை வாசலில் விடியும் முன்பே வரிசை நிற்கிறது. ஷாஹேயின் மனைவி ஹெகினே ஆர்மேனியாவின் கியும்ரி நகரத்திலிருந்து வந்தவள். வந்த புதிதில் ஒரு சலூனில் தரை கூட்டினாள். இப்போது பிராண்ட் சாலையில் தன் பெயரிலேயே அழகு நிலையம் வைத்திருக்கிறாள். நம் மணப்பெண்களில் பாதிப் பேர் அவள் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்கள். சோசே இவர்களுடைய மகள்.

2. சோசேக்கு முதல் பல் முளைத்தபோது, விழாவை மையத்தின் கூடத்திலேயே வைத்தால் மாணவர்களும் பார்ப்பார்கள் என்று தங்கள் சமூகத் தொடர்பு அலுவலர் செல்வி தலார் கேட்டுக்கொண்டார். பல்கலைக்கழகமே என் வீட்டுக் குழந்தையை அழைக்கிறது என்று நான் பூரித்துப் போனேன். மாதுளை முத்தும் சர்க்கரையும் கலந்து கோதுமை அவித்து எடுத்துப் போனேன். குழந்தையை விரிப்பில் உட்கார வைத்துப் புத்தகம், சுத்தியல், கரண்டி, பேனா, சீப்பு எல்லாம் பரப்பினோம். தலைக்கு மேல் துணி பிடித்துக் கோதுமையைத் தூவியதும், சோசே ஒரே தாவாகத் தாவிச் சீப்பைப் பிடித்தாள். பிடித்ததோடு வாயிலும் வைத்துக்கொண்டாள். என் நாத்தனார் மார்கரித், "போச்சுடா! அப்பன் தலை வழுக்கையாகிறதப் பார்த்துப் பயந்துட்டா போல!" என்றாள். கூடமே சிரித்தது. ஹெகினே அழுதுகொண்டே சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

3. அப்போதுதான் செல்வி தலார், "ஐயோ, சீப்பு போஸ்டருக்கு எடுபடாது பாட்டி! இன்னொரு தடவை உக்கார வைங்க, புத்தகத்தைக் கொஞ்சம் கிட்ட நகர்த்துங்க" என்றார். ஹெகினே வேண்டாமென்று சொல்வதற்குள் சீப்பைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துவிட்டார்கள். குழந்தை வீறிட்டது. அழுகையை நிறுத்தப் புத்தகத்தைக் கையில் திணித்தார்கள். அந்த நொடியில் எடுத்த படம்தான் இன்று வாசலில் தொங்குகிறது. அடியில் "நாளைய அறிஞர்" என்று எழுதியிருக்கிறது. கன்னத்தில் உள்ள கண்ணீரை யாரும் பார்ப்பதில்லை.

4. புத்தகம் என்றால் எனக்குக் கசக்குமா ஐயா? பெய்ரூட்டில் ஐந்தாம் வகுப்போடு என்னைத் தையல் இயந்திரத்தின் முன் உட்கார வைத்துவிட்டார்கள். புத்தகத்தின் மீதுள்ள ஏக்கம் எனக்கு இன்றும் தீரவில்லை. ஆனால் முதல் பல் ஒருமுறைதான் முளைக்கும். விழாவில் முதல் கைதான் கை. இரண்டாவது முறை கேட்பது வழக்கமல்ல, வியாபாரம்.

5. படம் தொங்கிய மறுவாரம் ஹெகினேயின் கடைக்கு வந்த ஒரு பெண்மணி, தலையை அவள் கையில் கொடுத்துக்கொண்டே, "நல்ல வேளம்மா, உன் பொண்ணு உன்ன மாதிரி மயிர் வெட்ட வேண்டியதில்ல" என்றாராம். அன்று மாலை ஹெகினே என்னிடம் கேட்டாள்: "புத்தகத்தப் பிடிச்சாத்தான் உங்க வீட்டுப் பிள்ளையா பாட்டி? சீப்பப் பிடிச்சா எம் பிள்ளை மட்டுந்தானா?" அதன் பிறகு குழந்தையை என் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. அந்தப் படம் தெருவில் ஏறினால் தான் ஃபிரெஸ்னோவில் உள்ள அக்காவிடம் போய்விடுவதாகவும், ஞானஸ்நானத்தையும் அங்கேயே வைத்துக்கொள்வதாகவும் ஷாஹேயிடம் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்வாள். ஷாஹே மாவு பிசைந்துகொண்டே இருக்கிறான்.

6. நேற்று நேரில் வந்து முறையிட்டேன். "பேனர் அச்சுக்குப் போயிடுச்சு பாட்டி. எத முதல்ல எடுத்துச்சுன்னு யாரு பார்த்தா?" என்றார் செல்வி தலார். "அவ அம்மா பார்த்தா" என்றேன். செல்வி தலார் கெட்ட பெண் அல்ல. பல்கலைக்கழகத்துக்கு எது அழகு என்று அவருக்கு யாரோ தவறாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

7. ஐயா, கோபித்துக்கொள்ளாமல் கேட்க வேண்டும். நம் எல்லோர் பெயரையும் போலத் தங்கள் பெயரின் வாலிலும் "யான்" இருக்கிறது. தலையில் "தராக்" இருக்கிறது. தராக் என்றால் சீப்பு. தங்கள் முன்னோர் சீப்பு செய்து விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர்கள். என் பெயரின் தலையில் "சிலிங்கிர்" என்ற பூட்டுக் கொல்லன் உட்கார்ந்திருக்கிறான். வந்த ஊரெல்லாம் விட்டுப்போன பிறகும் இந்தத் தொழில்களைத்தான் நாம் பெயரில் சுமந்துகொண்டு வந்திருக்கிறோம். தராக்ஜியான் தலைமை வகிக்கும் மையத்தில் ஒரு குழந்தையின் கையிலிருந்து சீப்பைப் பிடுங்கி ஒளித்தார்கள் என்று நாளை யாரும் சொல்ல வேண்டாம்.

ஆகவே, சனிக்கிழமைக்குள் வாசலில் உள்ள பழைய படத்தை இறக்கி, பேனரிலும் அதை மாற்றிவிட்டு, அந்தச் செய்தியை என் வழியாக அல்லாமல் ஹெகினேயின் கடைக்கு ஒருவரை அனுப்பித் தெரிவிக்குமாறு மன்றாடுகிறேன். புதிய பேனருக்கு ஆகும் செலவைக் கொடுக்க ஷாஹே சம்மதித்துவிட்டான்.

நாள்: 7 மே 2019
இடம்: கிளெண்டேல்

தங்கள் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
அஸ்னிவ் சிலிங்கிரியான்

இணைப்பு: மார்கரித் தன் கைபேசியில் எடுத்த படம் ஒன்று. ஓரத்தில் அவள் கட்டைவிரல் விழுந்திருக்கிறது, வெட்டிக்கொள்ளலாம். சோசே சீப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறாள், பல் நன்றாகத் தெரிகிறது. பின்னால் சிரிப்பவள் அவள் அம்மா. அவளை மட்டும் வெட்டிவிடாமல் இந்தப் படத்தை மாட்டுங்கள்.