பல் டாக்டரின் வானொலி

மார்ச் 4

பல் டாக்டர் இன்று ஒரு மர வானொலியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். போன மாதம் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர். கல்லூரி ஆய்வகத்தில் வேலை, ஓய்வு நேரத்தில் பழைய ரேடியோ சரிசெய்வேன் என்று வாய் மரத்திருந்தபோது நான்தான் உளறியிருக்கிறேன்.

ஐம்பது வருடமாகப் பரணில் கிடந்ததாம். "போட்டுப் பாத்தீங்களா?" என்றேன். "பிளக்கையே தொடல." நல்ல வேளை. வயரின் உறை கையோடு உதிர்கிறது. செருகியிருந்தால் தீப்பிடித்திருக்கும்.

"பாடணும்னு இல்ல. என்ன கோளாறுன்னு சொன்னா போதும்" என்றார். பாட வேண்டாத ரேடியோவை எதற்குச் சரிசெய்வது?

மார்ச் 6

பின்பலகையைக் கழற்றினேன். டிரான்ஸ்பார்மர் இல்லாத வகை. இரண்டு பின் பிளக்கை ஒரு பக்கமாகச் செருகினால் உள்ளே இருக்கும் இரும்புத் தகடு முழுக்கக் கரண்ட். திருப்பிச் செருகினால் ஒன்றும் இல்லை. மரப்பெட்டியும் குமிழ்களும்தான் காப்பு. இதில் சத்தம் கூட்டும் குமிழைக் காணோம். அது இருந்த, தகட்டோடு சேர்ந்த இரும்புக் காம்பில் யாரோ துணி நாடா சுற்றியிருக்கிறார்கள்.

மார்ச் 7

குமிழ் எங்கே என்று போனில் கேட்டேன்.

"நான்தான் பிடுங்கினேன். ஆறு வயசு. பொம்மை வண்டிக்குச் சக்கரம் வேணும்னு." பிறகு, நான் கேட்காமலே: "அந்த வருஷம்தான் அம்மா போனாங்க. பாத்திரம் கழுவிட்டு வந்து சவுண்டைக் குறைச்சாங்க. அப்படியே விழுந்துட்டாங்க. நெஞ்சு வலின்னு எல்லாரும் சொன்னாங்க."

வைத்துவிட்டார்.

பாத்திரம் கழுவிய ஈரக் கை.

மார்ச் 8

வேலை ஓடவில்லை.

மார்ச் 10

என் கணவரிடம் என் சந்தேகத்தைச் சொன்னேன். "நீ ரேடியோ பாக்கறவளா, போலீஸா? செஞ்சு குடுத்துட்டுப் பேசாம இரு" என்றார்.

சரிதான். ஆனா டாக்டர் கேட்டதே கோளாறு என்னன்னுதானே? அப்போ அவருக்குச் சந்தேகம் இருக்கா? இத்தனை வருஷமாவா? சொன்னா ஆறு வயசுப் பையன் தலைல பழி. சொல்லாட்டி நான் பொய்க்காரி. அன்னைக்குப் பிளக் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு எந்த மீட்டரும் சொல்லாது. ஒண்ணும் புரியல எனக்கு.

மார்ச் 15

கெபாசிட்டர்கள், வயர் எல்லாம் புதிது. பாதுகாப்புக்குத் தனி டிரான்ஸ்பார்மர் வைத்து, நடுவே ஒரு பல்பை மாட்டி, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கியது. உள்ளே எதுவும் கோளாறில்லை என்று அர்த்தம். வால்வுகள் மெல்லச் சிவந்தன. யாரோ செய்தி வாசித்தார்கள். வழக்கமாக இந்த இடத்தில் துள்ளிக் குதிப்பேன்.

மார்ச் 16

டாக்டர் வந்தார். உட்காரவில்லை.

"அந்தக் காம்பைத் தொட்டா ஷாக் அடிச்சிருக்குமா?"

"அடிச்சிருக்கலாம். அடிக்காமலும் இருந்திருக்கலாம். அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு இதை வச்சு யாராலயும் சொல்ல முடியாது."

"அடிச்சிருந்தா, காரணம் நான்."

தோன்றியதைக் கேட்டேன். "இந்தத் துணியை யார் சுத்தினது?"

"அப்பா. குமிழ் போன மறுநாள் அவருக்குக் கை சுர்ருன்னுச்சு. இப்போதைக்கு இது போதும்னாரு."

"அம்மா போனது எப்போ?"

"எட்டு மாசம் கழிச்சு."

சொல்லிவிட்டு அந்தத் துணி நாடாவைப் பார்த்தார்.

"அப்பாவுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு" என்றார், மெதுவாக. ரேடியோவை எடுக்காமலே போய்விட்டார்.

மார்ச் 17

ஒருத்தர் தலைல இருந்த சுமையை இறக்கி, செத்துப்போன அப்பா தலைல வச்சுட்டேனா? நான் அதைக் கேட்டிருக்கக் கூடாதோ?

மார்ச் 25

அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

ஏப்ரல் 2

டாக்டரின் மனைவி கூப்பிட்டார். துணி துவைக்கும் மெஷினைத் தொட்டால் சுருசுருவென்கிறதாம். "கரண்ட் சமாசாரம்னா இவர் கிட்டயே வரமாட்டாரு. ஆளைக் கூப்பிடறேன், கூப்பிடறேன்னே ஆறு மாசம் ஓட்டிட்டாரு. இன்னைக்கு அவரேதான் உங்களைக் கூப்பிடச் சொன்னாரு."

போனேன். மெயினை அணைத்துவிட்டு மெஷினின் பின்பக்கம் குனிந்தேன். எர்த் வயர் கழன்று தொங்கியது. வெளிச்சம் போதவில்லை. டாக்டர் டார்ச்சோடு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அப்பா எட்டு மாசம் விட்டாரு. நான் ஆறு மாசம்" என்றார்.

டார்ச்சை என்னிடம் கொடுத்துவிட்டு, "எந்த வயர்னு காட்டுங்க" என்று கையை நீட்டினார்.

காட்டினேன். திருகாணியை அவரே முடுக்கினார்.