ஃபேன் போடறதுக்கு முன்னாடி

காலைல பதினொண்ணு நாப்பதுக்கு, வீட்ல ஆபீஸ் லேப்டாப்ல மெயில் வந்துச்சு. நம்ம ரோபோவ போட்டிக்கு எடுத்துக்கிட்டாங்களாம். சுவர் ஏறுற பிரிவுல. படிச்சதும் உன் சேர் பக்கம் திரும்பிட்டேன். அது மேல மடிக்காத துணி கெடக்கு.

டெங்குன்னு சொன்னப்போ நீ உன் கால்லயே நடந்து போய் ஆட்டோல ஏறின. திரும்பி வந்தது நான் மட்டும். அதுக்கு மேல எழுத வரல.

ரெண்டு ஃபேனும் சுத்தி ரோபோவ சுவரோட அழுத்தணும். ஃபேனை ஒட்டி நான் வச்ச பொடிக்கண்ணு வலை காத்த அடைச்சுது. மொத தடவை பாதிச் சுவர்ல வழுக்கி விழுந்துச்சு. "வலைய எடுத்துட்டா ஏறிடும்"னேன்.

"நக்கோ டா"ன்ன. ஏ.எஸ்.ராவ் நகர்ல, அந்த ஊர் உருதுவோட வளந்தவ நீ. வேண்டாம்னு தமிழ்ல சொன்னா உன்கிட்ட பேசிப் பாக்கலாம். நக்கோன்னுட்டா அவ்ளோதான். "ரோபோ விழுந்தா திரும்ப ஏத்தலாம். விரல் விழுந்தா? உங்க திருநெல்வேலில முளைக்குமா?"

சனத்நகர் பட்டறைல உயரமா ஒரு வளையம் வெட்டிட்டு வந்து, வலைய ப்ளேடுலேர்ந்து நல்லா தள்ளி வச்ச. தள்ளி இருந்ததால கண்ணு பெருசா இருந்தும் விரல் எட்டல. காத்தும் தாராளமா போச்சு. கூரை வரைக்கும் ஏறுச்சு. நான் கணக்கு சரி பாத்துட்டிருந்தேன். நீ "பல்லி டா, பல்லி!"ன்னு கத்திட்டிருந்த.

ஒவ்வொரு தடவையும் சுவிட்ச் உன் கைல. "கை எங்க?"ன்னு கேப்ப. நான் ரெண்டு கையும் தூக்கி, "ஹவ், ரெண்டும் இருக்கு"ம்பேன். ஆமாவுக்கு உன்கிட்ட கத்துக்கிட்ட ஹவ். அப்புறம்தான் ஃபேன் சுத்தும்.

போட்டிலயும் ரெண்டு பேர் கட்டாயம். ஒருத்தர் ரிமோட், இன்னொருத்தர் ஃபேன் சுவிட்ச். அந்த இன்னொருத்தர் பேரை சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம். உங்கம்மாகிட்ட சொன்னேன். மத்தியானமே கெளம்பி வந்துட்டாங்க. "நான் பிடிக்கறேன் மாப்ள. அவ செஞ்சது ஏறட்டும்."

சரின்னு ரோபோவ சுவர் அடியில வச்சேன். அத்தை சுவிட்ச ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டு நின்னாங்க. நானும் நின்னேன். ஃபேன் சுத்தல.

"என்ன மாப்ள, ஏன் கைய தூக்கிட்டு நிக்கறீங்க?"

அப்பதான் பாத்தேன். ரெண்டு கையும் மேல இருந்துச்சு. ஒண்ணுமில்ல அத்தைன்னேன். அவங்களுக்கு எப்படித் தெரியும், கேக்கணும்னு? நான் சொல்லிக் குடுத்திருக்கலாம். ரெண்டே வார்த்தைதான். வாய் வரல. அத்தை சுவிட்ச டேபிள்ல வச்சுட்டு, முகத்த துடைச்சுட்டு, பஸ்ஸுக்குப் போயிட்டாங்க.

ரோபோ தரையில இருக்கு. வலை, ப்ளேடு எல்லாம் சரியா இருக்கு. ஏறும்னு எனக்குத் தெரியும். ஏத்தறதுக்குத்தான் ஆள் இல்ல. நானும் இல்ல.

போட்டிக்காரங்க பேர் கேட்டு கூப்பிட்டுட்டே இருந்தாங்க. ஒரு தடவை எடுத்தேன். உன் பேர்தான் வாய்ல வந்துச்சு. ஸ்பெல்லிங் கேட்டாங்க. போனை ஆஃப் பண்ணிட்டேன்.