அந்தப் பாட்டை எழுதிய வாரம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியோடு மல்லுக்கு நிற்கிறது. சமையலறைக் குழாயை ஒருவழியாக மாற்றியாயிற்று. குழாய்க்காரர் இதோ அதோ என்று ஒரு வாரம் இழுத்தடித்துவிட்டுத்தான் வந்தார்.

இந்தக் கடிதத்தை உன் வீட்டுக்கு அனுப்பாமல் நீ வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு அனுப்புகிறேன். ஏன் என்று உனக்கே தெரியும். நான்கு முறை போன் செய்தேன். நான்கு முறையும் மாப்பிள்ளைதான் எடுத்தார். குளிக்கிறாள் என்றார், தூங்குகிறாள் என்றார். மரியாதையாகத்தான் பேசினார்.

எங்கள் அச்சகத்துக்கு ஒரு புத்தகம் வந்தது. நம் பாட்டுக்காரரின் வாழ்க்கை வரலாறு, நானூறு பக்கத்துக்கு மேல். புரூஃப் பார்க்க வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று மேனேஜரிடம் அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடிய மனுஷன். அவர் பாட்டு இல்லாமல் நான் முகச்சவரம்கூடச் செய்ததில்லை. "உங்கப்பாவுக்கு ரெண்டு பொண்டாட்டி, ஒண்ணு நான், இன்னொண்ணு அந்த ரேடியோ" என்று அம்மா சொல்வாளே.

பதிமூன்று அத்தியாயம் தேனாக இறங்கியது. பதினான்காவதில் நின்றுவிட்டேன். 'இடிக்கிற வானந்தானே மழையும் கொடுக்கும்' பாட்டை அவர் எழுதிய வாரம், அவர் மனைவி தாடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். முறித்தது அவர் கை. பாட்டு ரேடியோவில் வந்தபோது கட்டு இன்னும் பிரித்திருக்கவில்லை. கட்டுப் பார்த்த நர்ஸ் சத்தத்தைக் கூட்டி வைத்து, "உங்க மேல எவ்வளவு ஆசை பாருங்க" என்றாளாம். வாயைத் திறக்க முடியாதவள் தலையை மட்டும் ஆட்டினாளாம்.

நான் நம்பவில்லை. ஓரத்தில் சிவப்பு மையில் 'ஆதாரம்?' என்று எழுதி அனுப்பினேன். அது என் வேலையே இல்லை. புத்தகத்தை எழுதிய அம்மாள் நேரில் வந்து, ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலையும் அந்த மனைவி எழுதிய கடிதங்களையும் என் மேஜையில் வைத்தாள். உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். அவள் இரண்டு முறை பிறந்த வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறாள். இரண்டு முறையும் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பியவருக்குப் புத்தகத்தில் பெயர்கூட இல்லை, 'தந்தை' என்று மட்டும் இருந்தது. அதில் எழுத்துப்பிழை ஏதும் இல்லை. ஆனாலும் அந்தச் சொல்லைத் தாண்டிப் போக எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

நீ ஒரே ஒரு பையோடு வந்தாய், இரண்டு வருஷம் முன்னால். பதினோரு நாள் இருந்தாய். நீ ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பன்னிரண்டாம் நாள் பஸ் ஏற்றிவிடக் காரில் கூட்டிப் போனபோது அந்த வரியைப் பாடிக் காட்டி, "அவ்வளவுதாம்மா குடும்பம்" என்றேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். பாட்டை ரசிக்கிறாய் என்று நினைத்தேன்.

முப்பது வருஷம் ஒருவன் என்னை ஏமாற்றிவிட்டான் என்று அம்மாவிடம் புலம்பினேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "அவன் யாரோ எவனோ. அவன் எனக்கு ஒண்ணும் துரோகம் பண்ணல. அன்னிக்கு அவ மூஞ்சியை ஒரு தடவை பாத்திருந்தா நீங்க பாடியிருக்க மாட்டீங்க" என்றாள். அவள் மடித்துக்கொண்டிருந்தது உன் பழைய சட்டைகளை.

பாட்டு மோசமான பாட்டு இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். இப்போதும் கண்ணாடி முன் நின்றால் மெட்டு தானாக வருகிறது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சவரம் செய்கிறேன். இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உன் கடை வாசலில் நிற்பேன். நீ எதையும் விளக்க வேண்டாம். பை எடுத்துவர வேண்டாம், கட்டின துணியோடு வந்தால் போதும். வர மனமில்லை என்றால் உள்ளே இருந்தே தலையாட்டு. போய்விடுவேன். அடுத்த சனிக்கிழமை மறுபடி வருவேன். மாடி அறையைக் கூட்டித் துடைத்து வைத்தாயிற்று. அம்மா முழங்காலைப் பார்க்காமல் ஏறிவிட்டாள்.

'புருஷனோடு நல்லபடியாக இரு' என்று எழுதித்தான் எப்போதும் முடிப்பேன். இந்தத் தடவை கை மறுக்கிறது. நீ நல்லபடியாக இரு, எங்கே இருந்தாலும். முடிந்தால் இங்கே.

அன்று கேட்காமல் விட்ட,
உன் அப்பா